ஆருடைய நாய்?

கார்த்திகை மழை இரண்டு நாட்களாக விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில், திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் கரையேற்றி வைத்திருந்த படகொன்றின் அணியத்தோடு ஒட்டினாற்போல ஓர் அட்டைப் பெட்டி இருப்பதைக் கண்டேன். கடைகளுக்குப் பால்மா வந்திறங்கும் பெரிய பெட்டி அது. அதன் மேல்மடல்கள் நான்கும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகப்பட்டிருந்தன. உள்ளே நான்கு நாய்க்குட்டிகள், கண் திறந்து ஓரிரு நாட்களே ஆனவை, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அடியில் விரிக்கப்பட்டிருந்தது ஒரு சிறுபிள்ளையின் வெள்ளைப் பாடசாலைச் சட்டை. பொத்தான்கள் கழற்றி எடுக்கப்பட்டிருந்தன. அட்டையின் அடிப்பாகம் ஈரத்தில் ஊறி, தூக்கியபோது என் கையிலேயே பிய்ந்து வந்தது.

அந்தச் சட்டையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. குட்டிகளுக்குக் குளிரும் என்று நினைத்த ஒருவர்தான் அதை விரித்திருக்கிறார். அதே ஒருவர்தான் மழைநாளில், கடற்கரையில், தாயிடமிருந்து பிரித்து அவற்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு வாரக் குட்டிக்குத் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் வல்லமை கிடையாது. தாயின் வயிறுதான் அதற்கு அடுப்பு. வீட்டுக்கு எடுத்து வந்து, வெந்நீர் நிரப்பிய போத்தல்களைத் துவாயில் சுற்றி இரண்டு பக்கமும் வைத்து, மிருக வைத்தியர் சொன்னபடி பசும்பாலைத் தவிர்த்து, குட்டிகளுக்கென்றே விற்கப்படும் பால்மாவை மூன்று மணிக்கொருமுறை சிறு துளிகளாகக் கொடுத்தோம். நான்கில் ஒன்று மூன்றாம் நாள் விடியற்காலையில் இறந்துபோனது.

நான்கும் பெட்டைக் குட்டிகள். இதில் வியப்படைய எதுவும் இல்லை. திருகோணமலையில் எந்தச் சந்தியில், எந்தக் கோயில் வாசலில், எந்த மீன்சந்தையின் பின்புறத்தில் குட்டிகள் விடப்பட்டிருந்தாலும் புரட்டிப் பாருங்கள், பெரும்பாலும் பெட்டையாகவே இருக்கும். கடுவன் குட்டிகளை யாராவது கேட்டு வாங்கிக்கொள்வார்கள். பெட்டையை வைத்திருந்தால் ஆறு மாதத்துக்கொருமுறை தெருவிலுள்ள நாய்களெல்லாம் வாசலில் வந்து நிற்கும், பிறகு இரண்டு மாதத்தில் மீண்டும் குட்டிகள் என்ற அச்சம் நம்மவர்களுக்கு உண்டு. அந்த அச்சத்துக்குத் தீர்வு இருக்கிறது, அதைப் பிறகு எழுதுகிறேன்.

ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக வேலை செய்தவன் என்ற வகையில், இப்படியொன்று நடந்தால் முறைப்பாடு செய்ய வேண்டும் என்பது எனக்குப் பழக்கமாகிவிட்ட எண்ணம். ஆகவே குட்டி இறந்த அன்று முறைப்பாடு செய்யப் போனேன். எந்த நிலையம், எந்த அலுவலர் என்பது இங்கே தேவையில்லை. அந்த அலுவலர் மரியாதையாகவே பேசினார், அமரச் சொன்னார், பேனாவையும் எடுத்தார். பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டார். "ஐயா, ஆருடைய நாய்?" எனக்கு விடை தெரியவில்லை. "அப்ப ஆருக்கு எதிராக எழுதுறது?" என்று அவர் கேட்டதற்கும் என்னிடம் விடை இருக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, குட்டிகளை நான் வைத்திருப்பது புண்ணியம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் பழைய சட்ட நூல்களை மறுபடி எடுத்துப் பார்க்கப் பார்க்க, அவர் கேட்டது தட்டிக்கழிக்கும் கேள்வி அன்று, இந்த விடயத்தின் மையமே அதுதான் என்பது எனக்குத் தெளிவாயிற்று.

இலங்கையில் விலங்குகளைக் காப்பதற்குச் சட்டமே இல்லை என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது சரியன்று. மிருகங்களுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு விலங்கைக் கொடூரமாக அடிப்பதும், வதைப்பதும், அளவுக்கு மீறி ஓட்டுவதும், துன்பம் தரும் விதத்தில் ஏற்றிச் செல்வதும் அதன்படி குற்றங்கள். தண்டனை 100 ரூபாய் வரையான தண்டப்பணம், அல்லது மூன்று மாதம் வரையான சிறை, அல்லது இரண்டும். அந்தச் சட்டம் எழுதப்பட்ட காலத்தில் 100 ரூபாய் ஒரு குடும்பத்தையே உலுக்கிவிடக்கூடிய தொகை. இன்று அந்தப் பணத்துக்கு ஓர் இறாத்தல் பாண்கூட வாங்க முடியாது.

தொகையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதைவிட ஆழமான குறை ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டத்தின் கண்முன் இருந்தது மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஓடிய தெரு. அடிப்பவனின் கை அடிபடும் உடலுக்கு அருகிலேயே இருக்கும், வழிப்போக்கன் அதைப் பார்ப்பான், காவலர் வந்து அந்தக் கையைப் பிடிப்பார். கைவிடுதல் என்ற செயலோ அதற்கு நேர்மாறானது. அந்தச் சொல்லே சொல்வது போல, கை அங்கிருந்து விலகிவிட்ட பிறகுதான் துன்பம் தொடங்குகிறது. கைவிடுதல் என்ற பெயரில் தனியான ஒரு குற்றம் 1907 ஆம் ஆண்டின் சட்டத்தில் இல்லை. மழையில், மூடிய பெட்டிக்குள், பால்குடி மறவாத குட்டிகளை விட்டுச் செல்வது கொடூரமாக நடத்துதலே என்று ஒரு சட்டத்தரணி வாதாடலாம், நீதவானும் அதை ஏற்கலாம். ஆனால் குற்றவாளிக் கூண்டில் நிற்பதற்கு ஒருவர் வேண்டும்.

இந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் புதியதொன்றைக் கொண்டுவர சட்ட ஆணைக்குழு ஒரு விலங்குகள் நலச் சட்டமூலத்தை வரைந்து நெடுங்காலமாயிற்று. 2010 ஆம் ஆண்டில் அது பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் தனிநபர் சட்டமூலமாக முன்வைக்கப்பட்டது, 2016 ஆம் ஆண்டில் அமைச்சரவையின் ஒப்புதலும் கிடைத்தது. அதன் பின்னரும் அது அலுவலகங்களுக்கும் குழுக்களுக்கும் இடையே நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அந்த வரைவில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது, விலங்கொன்றைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவருக்குப் பராமரிப்புக் கடமை ஒன்று உண்டு என்று அது சொல்வதுதான். துன்புறுத்தாதே என்று தடுப்பதோடு நிற்காமல், உணவும் நீரும் இருப்பிடமும் மருத்துவமும் கொடு என்று கட்டளையிடுகிற சட்டத்தின் கீழ்தான் கைவிடுதல் தானாகவே குற்றமாகும்.

இந்த இடத்தில் 1960 ஆம் ஆண்டு எனக்கு நினைவுக்கு வருகிறது. நமக்கு 1907 ஆம் ஆண்டின் சட்டத்தைத் தந்த பிரித்தானியா, தன் நாட்டில் விலங்குகளைக் கைவிடுவதற்கென்றே தனிச் சட்டம் ஒன்றை அந்த ஆண்டில் இயற்றியது. நியாயமான காரணமின்றி, துன்பம் நேரக்கூடிய சூழ்நிலையில், நிரந்தரமாகவோ சிறிது காலத்துக்கோ ஒரு விலங்கை விட்டுச் செல்வது குற்றம் என்றது அது. அதே 1960 இல் இந்தியாவும் தன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றி, அதன் 11 ஆம் பிரிவில், பசியாலோ தாகத்தாலோ வருந்தக்கூடிய நிலையில் ஒரு விலங்கை நியாயமான காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றமாக்கியது. குற்றத்துக்குப் பெயர் கிடைத்தது, ஆனால் முதல் தடவைக்குத் தண்டம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடி செய்தால்தான் 25 முதல் 100 ரூபாய் வரை தண்டம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நாம் அந்த ஆண்டும் 1907 உடனேயே இருந்தோம்.

"நியாயமான காரணமின்றி" என்ற அந்தச் சொற்களைக் கடந்து போக என்னால் முடியவில்லை. வேறு ஊர்களில் அது ஒரு சட்டத் தொடர். நமது மாவட்டத்தில் அதற்குப் பின்னால் முகங்கள் இருக்கின்றன.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வேலி தள்ளி இருக்கும் மாமி சம்பூரைச் சேர்ந்தவர். 2006 இல் ஷெல் விழத் தொடங்கியபோது, பிள்ளைகளையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு தெற்கு நோக்கி நடந்தவர்களில் ஒருவர். அவர்கள் வீட்டில் மணி என்றொரு நாய் சங்கிலியில் கட்டியிருந்தது. படலையைத் தாண்டிய பிறகு திரும்பி ஓடிவந்து, சங்கிலியைக் கழற்றிவிட்டு, அடுப்பிலிருந்த சோற்றுப் பானையை முற்றத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனதாக மாமி சொன்னார். தண்ணீர் வைக்க மறந்துவிட்டதாகவும் சொன்னார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிட்டது. சம்பூர் மக்கள் தம் காணிகளுக்குத் திரும்பப் பத்து ஆண்டுகள் வரை ஆயிற்று. அங்கே மணி இருக்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? ஆனாலும் தான் முதலில் கிணற்றடியைத்தான் பார்த்ததாக மாமி சொன்னார்.

1990 இலும் இந்த நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் எத்தனையோ வீடுகளில் இதுவே நடந்தது. அவர்களில் எவரும் நாயைக் கைவிட்டவர்கள் அல்லர். அவர்களே கைவிடப்பட்டவர்கள். ஆகவே நாளை இங்கே ஒரு சட்டம் வரும்போது, நியாயமான காரணம் என்றால் என்ன என்பதை அது விளங்கச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். போர், வெள்ளம், கடற்கோள், திடீர் நோய் ஆகியவை காரணங்கள். மாமி செய்ததைப் போல, அந்த நெருக்கடியிலும் கையில் எஞ்சியிருந்த ஒரு நிமிடத்தில் ஒருவர் அந்த விலங்குக்காக என்ன செய்தார் என்பதையும் நீதிமன்றம் கேட்க வேண்டும். வாடகை வீடு மாறுகிறோம், பிள்ளைக்குப் பரீட்சை வருகிறது, கனடாவுக்கு விசா வந்துவிட்டது என்பவை அந்த வரிசையில் சேரா. விசா வருவதற்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறோம். வீட்டுப் பொருட்களுக்கு ஆள் தேடி, கதிரை, மேசை, குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றையும் உரியவர் கையில் ஒப்படைக்கிறோம். நாய்க்கு மட்டும் கடைசி நாள் மாலையில் ஒரு முச்சக்கரவண்டி பிடிக்கிறோம்.

இன்னொரு வகைக் கைவிடுதலும் நம் கரையில் உண்டு. சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகள் நிறைந்திருப்பார்கள். விடுதிகளின் மீந்த உணவை உண்டு, வெளிநாட்டவர் வைத்த பெயருக்குத் தலை திருப்பிப் பழகிய நாய்கள், மழைக்காலம் வந்து விடுதிகள் அடைபட்டதும் வாசல்களில் கிடந்து காத்திருக்கின்றன. இவற்றைக் கைவிட்டது யார்? எந்த விடுதிக்காரரும் தன் நாய் என்று சொல்லமாட்டார். பிரித்தானியாவின் 2006 ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இங்கே ஒரு வழி காட்டுகிறது. நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ ஒரு விலங்குக்குப் பொறுப்பாக இருப்பவர் எவரும் அதன் தேவைகளுக்கு விடை சொல்ல வேண்டியவரே என்கிறது அது. உரிமைப்பத்திரம் வைத்திருப்பது மட்டுமே உரிமை ஆகாது. ஆறு மாதம் சோறு போட்டு, இரவில் காவலுக்கும் வைத்திருந்தவருக்கு ஏழாம் மாதத்திலும் ஒரு கடப்பாடு இருக்கிறது என்பதே என் கருத்து. தெருநாய்க்கு இரக்கப்பட்டு ஒரு பிடி சோறு வைக்கும் கிழவியையும் இதற்குள் இழுத்துவிடக் கூடாது என்பதால், சட்டம் வரைபவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

இனி அலுவலரின் கேள்விக்கு வருகிறேன். ஆருடைய நாய்? இந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்காகவே நம்மிடம் ஒரு சட்டம் நூறாண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. 1901 ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டம், நாய் வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் அதைத் தன் உள்ளூராட்சி மன்றத்தில் ஆண்டுதோறும் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. அதற்கும் முந்திய 1893 ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடி நோய்க் கட்டளைச் சட்டம், அந்நோயைக் கட்டுப்படுத்துவதற்கான அதிகாரங்களைத் தருகிறது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், எந்த நாய் எந்த வீட்டுக்குரியது, அதற்கு ஊசி போடப்பட்டதா என்ற பதிவேடு ஒவ்வொரு மன்றத்திலும் இருந்திருக்க வேண்டும். உங்கள் தெருவில் நாய் வளர்க்கும் பத்து வீடுகளில் கேட்டுப் பாருங்கள், பதிவு செய்தவர் ஒருவரையாவது காண்பீர்களா என்று. என் வீட்டிலும் முன்பு இரண்டு நாய்கள் இருந்து வயது முதிர்ந்து இறந்தன. சட்ட அலுவலகத்தில் வேலை செய்த நானே அவற்றைப் பதிவு செய்யவில்லை. அதற்காக இன்று வருந்துகிறேன்.

பதிவு என்றதும் நம் மூத்தவர்கள் முகம் சுளிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. முன்னொரு காலத்தில் பதிவில்லாத நாய் என்றால் பிடித்துக் கொல்லப்படும் நாய் என்று பொருள். நாய் பிடிக்கும் வண்டி வந்த நாட்களை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1973 ஆம் ஆண்டில் இந்த நாட்டில் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் இறந்தார்கள் என்பதை நினைத்தால், நாய்களைப் பிடித்துக் கொல்லச் செய்த அந்த அச்சமும் காரணமற்றதன்று. ஆனால் இறப்புகளைப் பெரிதும் குறைத்தது தடுப்பூசிதான். கடித்தவுடன் மனிதருக்குப் போடும் ஊசியும், ஆண்டுதோறும் நாய்க்குப் போடும் ஊசியும் அரசால் இலவசமாகக் கிடைக்கின்றன. தெருநாய்களைக் கொல்வது 2006 ஆம் ஆண்டிலேயே அரச கொள்கையாகக் கைவிடப்பட்டு, கருத்தடையும் தடுப்பூசியும் அதன் இடத்துக்கு வந்தன. ஆகவே பதிவேடு இனி நாயைக் கொல்வதற்கான பட்டியலாக இருக்கத் தேவையில்லை. நாயைத் தெருவில் விட்டவர் யார் என்று காட்டும் பட்டியலாக அது மாறலாம். பெட்டியில் விடப்பட்ட குட்டிகளுக்குப் பதிவு இருக்காது என்பது உண்மைதான். ஆனால் தாய்க்குப் பதிவிருந்தால், குட்டி ஈன்ற தாயின் குட்டிகள் எங்கே என்று கேட்க ஒரு வீட்டு வாசல் இருக்கும்.

மற்ற நாடுகளின் தண்டனைகளைச் சொல்லி நம்மவர்களை அச்சுறுத்துவது எனக்குப் பிடித்தமானதன்று. ஆனாலும் சில விவரங்கள் பயனுள்ளவை. சிங்கப்பூரில் வளர்ப்பு விலங்கைக் கைவிடுபவருக்கு முதற் குற்றத்துக்கே 10,000 சிங்கப்பூர் டொலர் வரை தண்டமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அங்கே அந்தத் தண்டனைக்குப் பல் இருப்பதற்குக் காரணம், நாய்களுக்கு உரிமமும், உரிமையாளரை அடையாளம் காட்டும் நுண்சில்லைத் தோலுக்கடியில் பொருத்துவதும் கட்டாயம் என்பதுதான். 2024 செப்டெம்பர் முதல் பூனைகளுக்கும் உரிமம் வந்துவிட்டது. நம் நாய்கள் பதிவுச் சட்டத்தில் பூனைக்கு இடமே இல்லை. மீன்சந்தைக்குக் கொண்டுபோய் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று சாக்குக்குள் கட்டிக் கொண்டுபோகப்படும் பூனைக்குட்டிகளில் எத்தனை பிழைக்கின்றன என்பதை, அதிகாலையில் சந்தைக்குப் போகிறவர்கள் அறிவார்கள். பிரான்ஸ் 2021 நவம்பரில் தன் சட்டத்தை மாற்றி, கைவிடுதலுக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 45,000 யூரோ வரை தண்டமும் விதிக்க வழிசெய்தது. அந்தத் தொகையைவிட என்னைக் கவர்ந்தது அதே சட்டத்திலுள்ள வேறொரு விதி. முதன்முதலாக நாயோ பூனையோ வாங்குபவர், அந்த விலங்கின் தேவைகளையும் அதற்கு ஆகும் செலவையும் அறிந்துகொண்டேன் என்று ஒரு பத்திரத்தில் ஒப்பமிட வேண்டும், அதன் பிறகு ஏழு நாட்கள் கழிந்தால்தான் விலங்கு அவர் கைக்கு வரும். பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்கி, மூன்றாம் மாதம் வெறுத்துப்போகும் வழக்கத்துக்கு அந்த ஏழு நாட்கள் ஓர் அணையாகும். நம் ஊரிலும் இப்போது ஆயிரக்கணக்கில் கொடுத்து உயர்சாதி நாய்கள் வாங்குகிறார்கள். தோல் நோய் வந்து முடி கொட்டியதும் அவையும் கோயில் வாசலில் வந்து நிற்கின்றன. அடர்ந்த மயிருடைய அந்த நாய்களால் நம் வெய்யிலில் ஒரு வாரம் தெருவில் வாழ முடியாது.

கோயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயிரவரின் வாகனம் என்பதால் கோயிலில் விட்டால் பாவமில்லை, சோறும் கிடைக்கும் என்று நல்லவர்கள்கூட நம்புகிறார்கள். பன்சலைகள் என்னும் பௌத்த விகாரைகளிலும் இதே நம்பிக்கையில் விடுகிறார்கள். அங்கே ஏற்கனவே இருக்கும் நாய்க் கூட்டம் புதிதாக வந்த குட்டியை எல்லைக்குள் விடாது. முதல் இரவிலேயே கடிபட்டு, மறுநாள் வாகனத்தில் அடிபட்டுக் கிடக்கும் குட்டிகளைப் பூசகர்கள் எடுத்துப் புதைக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பூசகர் அப்படிப் புதைத்துப் புதைத்து, மண்வெட்டியைக் கோயில் மதிலோடேயே சாத்தி வைத்திருக்கிறார்.

தண்டனை ஒருபுறம் இருக்க, பெட்டைக் குட்டிகளைப் பற்றி நம்மவர்களுக்கு இருக்கும் அந்த அச்சத்துக்குத் தீர்வு கருத்தடைச் சத்திரசிகிச்சை. மிருக வைத்தியர்கள் அதை ஒரு காலைப்பொழுதில் செய்து முடிக்கிறார்கள். பத்து நாட்களில் தையல் ஆறிவிடும், பிறகு அந்த நாய் வாழ்நாள் முழுவதும் குட்டி போடாது, வாசலில் கடுவன்களும் வந்து கூடா. சில வேளைகளில் கருத்தடை முகாம்கள் இலவசமாகவும் நடக்கின்றன. அதைச் செய்தால் நாயின் காவற்குணம் போய்விடும் என்று சொல்பவர்களுக்கு, அப்படி நடப்பதில்லை என்பதை என் கண்முன் கண்டதைக் கொண்டு சொல்கிறேன். எங்கள் பழைய நாய் சத்திரசிகிச்சைக்குப் பிறகும் எட்டு ஆண்டுகள் எந்த அந்நியரையும் படலை தாண்ட விடவில்லை. இந்தச் செலவைத் தாங்க முடியாத வீடுகளுக்கு உள்ளூராட்சி மன்றங்கள் பதிவுக் கட்டணத்தைக் குறைத்தோ, பதிவு செய்யும் பெட்டை நாய்க்குக் கருத்தடையை இலவசமாகச் செய்தோ கொடுத்தால், பதிவேடும் நிரம்பும், கடற்கரைப் பெட்டிகளும் குறையும். உண்மையாகவே வளர்க்க முடியாமல் போனவருக்கு, வெட்கப்படாமல் கொண்டுவந்து ஒப்படைக்க ஓர் இடமும் வேண்டும். அப்படி ஓர் இடம் இல்லாத ஊரில் கைவிடுதலை மட்டும் குற்றமாக்கினால், பெட்டிகள் கடற்கரையை விட்டு கந்தளாய் வீதிக் காட்டோரத்துக்குப் போகுமே தவிர, நின்றுவிடா.

எஞ்சிய மூன்று குட்டிகளும் பிழைத்தன. ஒன்று பாலையூற்றில் ஓர் ஆசிரியை வீட்டிலும், ஒன்று நிலாவெளியில் ஒரு மீனவர் வீட்டிலும் இருக்கின்றன. கொடுக்கும்போது, வயது வந்ததும் கருத்தடைக்கு நானே கொண்டுபோவேன் என்று இருவரிடமும் சொல்லித்தான் கொடுத்தேன். மூன்றாவதைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோன நாளில் சம்பூர் மாமியும் என்னோடு வந்தார். ஊசி போட்டபோது குட்டியின் தலையைத் தன் சேலைத் தலைப்பால் மூடிப் பிடித்துக்கொண்டார். வைத்தியரின் உதவியாளர் அட்டையை எடுத்து, நிறம் கபிலம், பால் பெண் என்று எழுதிக்கொண்டே வந்து, உரிமையாளர் என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். நான் வாயைத் திறக்குமுன் மாமி தன் முழுப்பெயரையும், வீட்டு இலக்கத்தையும், தெருவின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்துவிட்டு, எழுதியதைச் சரியா என்று ஒருமுறை வாசித்துக் காட்டச் சொன்னார்.